நாற்றங்கால் இல்லாத நடவு

ஹாக்கி இந்தியா லீக்கில் ஓர் அணி அடுத்த சீசனுக்கு ஆயத்தமாகிறது என்றால், முதலில் எழும் பேச்சு ஏல விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த நாட்டு வீரர் வருகிறார், எத்தனை லட்சத்துக்கு வருகிறார் என்பதே தலைப்புச் செய்தியாகிறது. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியை நம் அணி என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முதல் பதினொருவர் மூச்சு வாங்க வெளியே வரும்போது, பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே ஓடும் இளைஞர் யார்? அவரை உருவாக்கிய ஊர் எது? அந்தப் பதிலில் தமிழகத்தின் மாவட்டங்கள் இல்லையென்றால், தமிழ்நாடு அணியின் பெயரில் மட்டுமே இருக்கும். டிராகன்ஸ் நிர்வாகமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநில ஹாக்கி அமைப்பும் ஒன்றுசேர்ந்து, அரியலூர் போன்ற மாவட்டத்தின் பள்ளி மைதானத்திலிருந்து அணியின் இளையோர் இடம் வரை அறுந்துபோகாத ஒரு பாதையை அமைக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

மாற்று வீரரின் அருமை ஹாக்கியில் தெரிவதுபோல வேறு விளையாட்டுகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கால்பந்தில் பொதுவாக வெளியேறியவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் பெரும்பாலும் தண்ணீர் கொண்டுவருபவர். ஹாக்கியில் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே வந்தவர் மீண்டும் போகலாம். முன்கள வீரர் ஒருவர் ஐந்தாறு நிமிடம் முழு வேகத்தில் ஓடி, எதிரணியின் தற்காப்பு வீரர் பந்தை நிதானமாக வெளியேற்ற விடாமல் மறித்து, நெஞ்சு படபடக்க எல்லைக்கோட்டுக்கு வருகிறார். அவர் கோட்டைத் தாண்டுவதற்காக அங்கே இன்னொருவர் மட்டையைப் பிடித்தபடி குனிந்து காத்திருக்கிறார். ஓர் ஆட்டத்தில் இது பல முறை நடக்கிறது. பதினாறாவது ஆள் பலவீனமானவர் என்றால், கடைசிப் பகுதியில் அணியே பலவீனமாகிவிடும். ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து ஆட்டங்கள் வரும் லீக்கில், தசைப்பிடிப்போ காயமோ இல்லாமல் எந்த அணியும் இறுதி வாரத்துக்கு வந்து சேராது. பெஞ்ச் பலம்தான் அங்கே கோப்பையைத் தீர்மானிக்கிறது.

லீக்கை நடத்துபவர்களும் இதை அறிந்தே விதி வகுத்தார்கள். ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு லீக் புத்துயிர் பெற்றபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஆடவர் ஏலம் நடந்தது. ஓர் அணிக்கு 24 பேர். அவர்களில் 16 பேர் இந்தியர். அந்த 16 பேரில் நால்வர் கட்டாயம் இளையோர். எஞ்சிய எட்டு இடங்கள் வெளிநாட்டவருக்கு. செலவு வரம்பு 4 கோடி ரூபாய். டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சென்னை 54 லட்சத்துக்கும், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது. இருவருக்கே ஒரு கோடியே இரண்டு லட்சம். மொத்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உலகத் தரமான பெனால்டி கார்னர் நிபுணருக்கும் அனுபவமிக்க தற்காப்பு வீரருக்கும் அந்த விலை தகும். அந்த முதல் சீசனில் அணி நான்காம் இடம் பிடித்ததும் குறைத்துச் சொல்லத்தக்கதல்ல. ஆனால் அதே ஏலத்தில் கீழ்மட்ட அடிப்படை விலை 2 லட்சம். அந்த விலைக்கே எடுத்தால் நான்கு இளையோருக்கும் சேர்த்து எட்டு லட்சம்தான். அணியின் எதிர்காலத்துக்கான நான்கு நாற்காலிகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்றால், அவற்றில் உட்காரத் தமிழகப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டாமா?

அப்படி ஒருவர் வர முடியும் என்பதற்கு அரியலூரே சாட்சி. எளிய குடும்பத்திலிருந்து வந்த அரியலூரின் கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் உள்ள ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அதே தொடரில், அதே விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் இந்தியச் சட்டை அணிந்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்த ஒரே தமிழக வீரர் கார்த்தி. பின்னர் டிராகன்ஸ் அணியிலும் இடம்பெற்றார். நாம் பெருமைப்படலாம், பெருமையோடு கணக்கும் பார்க்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் தமிழக வீரர் இல்லை. 2025இல் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, அதில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் தமிழகப் பெயர் இல்லை. தனிமரம் தோப்பாகாது. அரியலூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி வரை போய்த் தங்கிப் படிக்க ஒரு கார்த்தியால் முடிந்தது. வழிகாட்ட ஆளில்லாமல், அனுப்ப மனமில்லாமல், செலக்‌ஷன் நடக்கும் செய்தியே எட்டாமல் ஊரிலேயே நின்றுபோனவர்களை எந்தப் பட்டியலிலும் தேட முடியாது.

இதற்கு என்ன வழி? டிராகன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிய அமித் ரோஹிதாஸ் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் உள்ள சவுனாமரா அவர் கிராமம். இந்திய அணியின் முன்னாள் கேப்டனும் இன்றைய ஹாக்கி இந்தியா தலைவருமான திலீப் திர்க்கி பிறந்ததும் அதே கிராமம். மண்ணில் இருந்த ஆர்வத்தை அந்த மாநில அரசு வீணாக்கவில்லை. 2018 முதல் இந்திய அணிகளுக்கு நிதியாதரவு அளித்ததோடு நிற்காமல், சுந்தர்கரின் 17 ஒன்றியங்களிலும் செயற்கைப் புல்தளம் அமைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. அரியலூரில் ஆறு ஒன்றியங்கள், அண்டை மாவட்டமான பெரம்பலூரில் நான்கு. இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலும் பத்துதான். யான்சென்னின் கதையும் வேறல்ல. நெதர்லாந்தில் ஒரு கிளப்பின் வாசலில் ஆறு வயதுப் பிள்ளை மட்டையோடு நுழைகிறது. அதே கிளப்பின் மூத்த அணியில் தேசிய வீரர் ஆடுகிறார். பிள்ளைக்கும் வீரருக்கும் இடையே ஒவ்வொரு வயதுக்கும் ஓர் அணி இருக்கிறது. நாம் 54 லட்சத்துக்கும் 48 லட்சத்துக்கும் ஏலத்தில் எடுத்தவர்கள், வேறு யாரோ பொறுமையாகப் பராமரித்த நாற்றங்காலில் விளைந்தவர்கள்.

தரை என்பது ஹாக்கியில் சின்ன விஷயம் இல்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆட நேர்ந்தபோது, அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. நான்கு ஆண்டுகளில் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது உண்மைதான். அதன்பின் இன்றுவரை ஒலிம்பிக் தங்கம் வரவில்லை. ஒரு நாட்டுக்கு நேர்ந்தது ஒவ்வொரு கிராமத்துச் சிறுவனுக்கும் நேர்கிறது. மண் தரையில் பந்து குதிக்கும். எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மட்டையை நிமிர்த்திப் பிடித்து, பந்தை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு யோசிக்கவே அவன் பழகுகிறான். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து தரையை ஒட்டி வழுக்கிக்கொண்டு பாயும். அங்கே முழங்காலை மடக்கித் தாழ்ந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, ஓட்டத்தை நிறுத்தாமலே பந்தை வாங்க வேண்டும். பத்து வயதில் உடம்பில் ஏற வேண்டிய பழக்கம் இது. பதினேழு வயதில் செலக்‌ஷன் நாளன்று டர்ஃபில் முதன்முதலாகக் கால் வைப்பவன், திறமை இருந்தும் தோற்றுத்தான் திரும்புவான். தேர்வாளர் கண்ணுக்கு அது திறமைக் குறைவாகவே தெரியும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, தொழில்முறை அணி தர்ம சத்திரம் இல்லை என்பது. முதல் போட்டவர்கள் வெற்றியைத்தான் பார்ப்பார்கள். மாவட்டப் பையன்களை வளர்ப்பது அவர்கள் வேலையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் விடை வளர்ப்பதன் பக்கமே நிற்கிறது. செலவுக்கு வரம்பு இருக்கும் லீக்கில் பணக்கார அணியும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. குறைந்த விலைக்கு நல்ல இளைஞனை அடையாளம் கண்ட அணிதான் மிச்சப் பணத்தில் பெரிய வீரரை எடுக்க முடியும். வெளிநாட்டு வீரர் தம் நாட்டு அணிக்காகவோ காயத்தாலோ விலகினால், அந்த இடத்தை நிரப்பப் போவது இங்கே இருக்கும் ஆள்தான். ரசிகர் விஷயமும் உண்டு. முதல் சீசன் முழுவதும் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தது. 2026 ஜனவரியில்தான் ஆட்டங்கள் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்குக்கு வந்தன. சொந்த ஊரில் இருக்கைகள் நிறைய வேண்டுமானால், களத்தில் சொந்த ஊர்ப் பெயர்கள் ஒலிக்க வேண்டும்.

சொந்த ஊர் என்று பேசுவதே குறுகிய மனம் என்போரும் உண்டு. விளையாட்டுக்கு மாநிலம் ஏது என்பது அவர்கள் வாதம். ரோஹிதாஸுக்குப் பதில் தமிழரை எடு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. தகுதியில்லாதவருக்கு இட ஒதுக்கீடும் கேட்கவில்லை. தகுதி பெறும் வாய்ப்பை எல்லாப் பிள்ளைக்கும் கொடு என்பதே கோரிக்கை. சுந்தர்கர் பிள்ளைக்குக் கிடைத்தது அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பிள்ளைக்கும் கிடைத்த பிறகு இருவரில் யார் சிறந்தவரோ அவர் ஆடட்டும். மேலும், அணிகள் வரும் போகும். பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. 2008இல் அந்த லீக்கே நின்றது. 2012இல் உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் ஆடியது, அதுவும் தொடரவில்லை. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் சென்னைக்கு அணியே இல்லை. அணி கலைந்தால் சட்டையும் சின்னமும் போய்விடும். மாவட்டத்தில் அமைத்த தளமும் அங்கே பழகிய பிள்ளைகளும் மட்டுமே மிஞ்சுவார்கள்.

அரசு ஏற்கெனவே செய்யவில்லையா என்பது மூன்றாவது மறுப்பு. செய்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 24 நாடுகள் பங்கேற்ற இளையோர் உலகக் கோப்பையைத் தமிழகம் நடத்திக்காட்டியது. மதுரையில் சர்வதேசத் தரத்தில் புதிய ஹாக்கி அரங்கம் எழுந்தது. முதலமைச்சர் கோப்பை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைக் களத்துக்கு இழுக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் பாதையின் நல்ல துண்டுகள். துண்டுகளுக்கு இடையே இருக்கும் பள்ளம்தான் கவலை தருகிறது. முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் ஜொலித்த பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ மறுவாரம் யார் பயிற்சி தருகிறார்? விடுதிக்குத் தேர்வாகாதவன் அடுத்த ஆண்டு வரை எந்தத் தளத்தில் ஆடுகிறான்? விடுதியில் ஐந்து ஆண்டு பழகியவன் பதினெட்டு வயதில் எந்த அணியின் வாசலைத் தட்டுகிறான்? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையைப் பார்க்க யாராவது வயலுக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியமல்ல. ஒவ்வொரு ஒன்றியத்திலும் சர்வதேச அளவுள்ள மைதானம் உடனே வேண்டாம். ஐவர் ஹாக்கிக்குப் போதுமான சிறு டர்ஃப் ஒன்றை ஓர் அரசுப் பள்ளியில் அமைத்து, சுற்றுப் பள்ளிகள் முறைவைத்துப் பழகச் செய்தாலே பந்தை வாங்கும் பழக்கம் பத்து வயதில் வந்துவிடும். பணத்துக்கு வழி அரியலூரிலேயே இருக்கிறது. இம்மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பெரிய சிமெண்ட் ஆலைகள் இயங்குகின்றன. பெரம்பலூரில் டயர் ஆலை இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கிராமப்புற, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அதில் அடங்கும். கல் தோண்டிய பள்ளங்களை மட்டும் விட்டுவைக்காமல், பிள்ளைகள் ஓட ஒரு தளத்தையும் இந்த மண்ணுக்குத் தரட்டும். மாவட்ட ஆட்சியர் முன்னின்று கேட்டால் நடக்கக்கூடிய காரியம் இது. பயிற்றுநர் சம்பளத்தையும் விடுதித் தொடர்பையும் ஆணையம் ஏற்கட்டும். டிராகன்ஸ் அணி சீசனுக்கு முன் தன் பயிற்சியாளர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாவட்டங்களுக்கு அனுப்பட்டும். தேறிய இளையோரை மூத்தவர்களோடு பயிற்சி முகாமில் சேர்க்கட்டும். அணியில் எடுத்தால், விதியை நிறைவேற்றப் பெஞ்சில் உட்கார வைக்காமல் களத்தில் இறக்கட்டும். ஆடாத இளைஞன் வளர மாட்டான். அவனை வாங்கிய பணமும் வீண்.

அடுத்த ஏலத்தன்று டிராகன்ஸ் மேசையில் இளையோர் பட்டியல் ஒன்று விரிக்கப்படும். அதில் தமிழகப் பிள்ளைகளின் பெயர் எத்தனை, அவற்றுக்கு எதிரே எழுதியிருக்கும் ஊர்கள் எவை என்று பாருங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஜெயங்கொண்டமும் ஆண்டிமடமும் வேப்பந்தட்டையும் எழுதப்பட்டிருக்கும் நாளில்தான் நம் அணிக்குப் பெஞ்ச் பலம் இருக்கிறது என்று சொல்ல முடியும். அந்தப் பட்டியலில் சேர வேண்டிய பிள்ளைக்கு இன்று பத்து வயது. அவன் கையில் மட்டையைக் கொடுப்பதும், அவன் காலடியில் தளம் போடுவதும் ஏலம் வரை தள்ளிப்போடக்கூடிய வேலைகள் அல்ல.