முதல் கேள்வி யாருக்கு?

டெல்லியில் ஒரு சட்டக் கருத்தரங்கு. பேச்சாளர்கள் முடித்ததும் தலைமை வகிப்பவர், "கேள்விகள் கேட்கலாம்" என்பார். முன்வரிசையிலிருந்து ஒரு சீனியர் எழுந்து, தாம் நடத்திய பழைய வழக்கை விவரிக்கத் தொடங்குவார். அவர் உட்கார்ந்ததும் இன்னொரு சீனியர். அத்தோடு நேரம் முடிந்துவிடும். மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து இங்கே ஜூனியராகச் சேர்ந்த பெண், நோட்டில் எழுதிவைத்த கேள்வியைக் கேட்காமலே எழுந்து போவாள். வெளியே அவளுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தைரியமா பேசும்மா."

அந்த அறிவுரை போதாது என்பது என் கட்சி.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2006 பிப்ரவரியிலிருந்து 2016 பிப்ரவரி வரை, பத்து ஆண்டுகள், வாதம் நடக்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்துக் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். அந்த மண்ணின் பேச்சு வழக்கைக் கூடப் படித்தவர்கள் கேலி செய்ததால், வாய் திறக்காமல் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது என்று 2000இல் பள்ளி மாணவர்களிடம் அவரே சொன்னார். மற்ற நீதிபதிகள் முண்டியடித்துக் கேள்வி கேட்பதும் அவருக்குப் பிடிக்காது. 2020 மே மாதம் கொரோனாவால் விசாரணை தொலைபேசிக்கு மாறியது. பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொரு நீதிபதிக்கும் முறை வந்தது. முதல் வழக்கிலேயே தாமஸ் கேள்வி கேட்டார். பிறகும் விடாமல் கேட்டார். 2021 அக்டோபரில் நேரடி விசாரணை திரும்பியபோது, ஒவ்வொருவருக்கும் முறை தரும் ஏற்பாட்டை அந்த நீதிமன்றம் கைவிடவில்லை. அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவருக்கே முறை வைத்தபிறகுதான் பேச்சு தொடர்ந்து வந்தது. தன் ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூசும் 25 வயதுப் பெண்ணிடம் தைரியத்தை மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

2018இல் வெளியான ஓர் ஆய்வு, 10 நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களில் நடந்த 247 கருத்தரங்குகளைக் கவனித்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட அரங்குகளில் பெண்களிடமிருந்து வந்த கேள்விகள் குறைவாக இருந்தன. அவை வழக்கறிஞர் கூட்டங்கள் இல்லைதான். ஆனால் நம் அரங்குகளில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. நான் தலைமை வகித்தால், வழக்கறிஞராகப் பதிவு செய்து ஐந்து ஆண்டு ஆகாதவர்களுக்கே முதல் கேள்வியைக் கொடுத்துவிடுகிறேன். சீனியர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இடம் ஒதுக்கினால்தான் குரல் வரும் என்பதை நம் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. 2024 மே 2 அன்று, உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உத்தரவிட்டது. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் கே.வி. விஸ்வநாதன். பொள்ளாச்சிக்காரர், கோவை சட்டக் கல்லூரியில் படித்து, 1988இல் டெல்லிக்கு வந்து ஜூனியராகத் தொடங்கியவர்.

ஜூனியர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் ஊர் நீதிமன்ற அனுபவத்தைக் குறையாக நினைக்காதீர்கள். ஆர்பிட்ரேஷன் பற்றிய கூட்டம் என்று வையுங்கள். சட்டத்தின் 29ஏ பிரிவு, உள்நாட்டு வழக்கில் இரு தரப்பு மனுக்களும் முடிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் நீட்டிப்பு வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மேடையில் இருப்பவர் டெல்லி உயர் நீதிமன்றத்தைக் கரைத்துக் குடித்தவராக இருக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் அந்த நீட்டிப்பு மனு எத்தனை வாய்தா வாங்குகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கேளுங்கள். பிரிவைச் சொல்லி, உங்கள் ஊரில் நடப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, கேள்வியை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். அரங்கம் திரும்பிப் பார்க்கும். இலக்கணப் பிழையை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தேநீர் நேரத்தில் விசிட்டிங் கார்டை நீட்டுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைத் தொடருங்கள். டெல்லியில் இந்த அறிமுகம் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக வக்காலத்துப் போட்டு மனுத் தாக்கல் செய்யும் உரிமை அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட் எனப்படும் ஏ.ஓ.ஆர்.களுக்கு மட்டுமே. அதற்கான தேர்வை எழுத நான்கு ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். அதற்குப் பிறகு, தேர்வுக்கு முன், ஒரு ஏ.ஓ.ஆர்.இடம் ஓராண்டுப் பயிற்சி. டெல்லியில் மாமனோ சித்தப்பாவோ வழக்கறிஞராக இல்லாத பிள்ளைக்கு அந்த ஏ.ஓ.ஆர். எங்கே கிடைப்பார்? பெரும்பாலும் இப்படி ஒரு கூட்டத்தில்தான், அதுவும் மேடையில் இல்லாமல் பக்கத்து நாற்காலியில். அவரிடம் எந்த மாதிரி வழக்குகள் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். மறுநாளே, பேசிய தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.