பகலெல்லாம் சங்கிலி, இரவெல்லாம் திட்டு

இரவு ஒன்றரை மணிக்குத் தெருக்கோடியில் ஒரு ஆட்டோ திரும்புகிறது. மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கிடக்கும் நாய் துள்ளி எழுந்து குரைக்கிறது. ஆட்டோ போய்விட்டது, குரைப்பு நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து “ஏய், சும்மா கெட!” என்று ஓர் அதட்டல். நாய் இரண்டு நொடி நிறுத்திவிட்டு முன்னிலும் உரக்கக் குரைக்கிறது. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. விடிந்ததும் வாசலில் வாய்ச்சண்டை.

அந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரே விஷயம், நாய் சரியில்லை என்பது. உண்மையில் சரியில்லாதது நாயின் பகல். காலையில் கட்டிய சங்கிலியை மாலைவரை அவிழ்க்காமல், ஓடவிடாமல், கொஞ்ச ஆளில்லாமல் போட்டுவைத்தால் அது பகலெல்லாம் தூங்கித் தீர்க்கும். இரவில் அதற்கு மிஞ்சுவது காவல் வேலை ஒன்றுதான்.

கோழித் தூக்கம் என்கிறோம். நாயின் தூக்கமும் கிட்டத்தட்ட அதே ரகம். நாய்களின் இரவைக் கவனித்து ஆடம்ஸ், ஜான்சன் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாய் சராசரியாக 16 நிமிடம் தூங்கும், 5 நிமிடம் விழித்திருக்கும், மறுபடி தூங்கும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட, நாயின் காது 40,000ஐயும் தாண்டிக் கேட்கும். ஆகவே வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு, விழித்த நேரத்தில் சாக்கடையோரம் ஒரு பெருச்சாளி ஓடினாலே போதும். அதே விழிப்பு வீட்டுக்குள், ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது வந்தால், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுருண்டுகொள்ள வாய்ப்பு அதிகம்.

“காவலுக்குத்தானே வளர்க்கிறோம், குரைக்காமல் என்ன செய்யும்?” என்பார்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன இனங்கள்தான். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலையே வெளியானது. ஆனால் தோட்டம் காத்த நாயைக் குறுகிய சந்தில் நிறுத்தினால், பால்காரர் முதல் இரவுப் பணி முடிந்து வருபவர் வரை எல்லாருமே அதற்கு அந்நியர்கள். எதற்கெடுத்தாலும் குரைக்கும் நாய் காவலுக்கும் ஆகாது. நிஜமாகத் திருடன் வரும் அன்றும் வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

மாற்றத்தை மாலையில் தொடங்க வேண்டும். அரைமணி நேரமாவது நடை. அதிலும் அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுவது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று முகர்வது நாய்க்கு மூளை வேலை, அது அலுப்பைத் தரும். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு கொடுத்து, படுக்கும் முன் ஒருமுறை வெளியே அழைத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க வைக்கலாம். படுக்கை தெருவைப் பார்க்காத இடத்தில், முடிந்தால் வீட்டுக்குள் இருக்கட்டும். மின்விசிறியின் சீரான சத்தம் சின்னச் சின்ன ஒலிகளை அமுக்கும். தாயைப் பிரிந்து வந்த குட்டியை முதல் சில இரவுகள் கைக்கெட்டும் தூரத்தில் படுக்க வைத்தாலே பாதி அழுகை அடங்கும்.

குரைக்கும்போது கத்துவது வீண். எசமானரும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் நாய்க்குப் படும். தனிமையில் கிடக்கும் நாய்க்குத் திட்டும் ஒரு கவனிப்பே. எழுந்து போய்ப் பார்த்து, தாழ்ந்த குரலில் அழைத்து, அது அமைதியான பிறகு தட்டிக்கொடுப்பது பலன் தரும்.

இத்தனை நாள் அமைதியாக இருந்த நாய் திடீரென்று இரவில் குரைத்தால் கதை வேறு. உண்ணி, காதுப் புண், மூட்டுவலி எதுவும் காரணமாகலாம். வயதான நாய்களுக்கு மறதிநோய் போன்ற ஒரு கோளாறு வந்து, பகலும் இரவும் தலைகீழாகிவிடுவதுண்டு. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுப்பது உயிருக்கே உலை.

அண்டை வீட்டாரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் ஒலியின் வரம்பு என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். பெரிய நாயின் குரைப்பு அருகில் 90 டெசிபலையும் தாண்டும். ஆனால் இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாயை வழக்கமாகக் கட்டியே வைத்து, போதிய உடற்பயிற்சி தராத உரிமையாளர் குற்றவாளி என்கிறது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. முதல்முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். இந்தத் தொகைக்குப் பயந்து யாரும் சங்கிலியை அவிழ்க்கப் போவதில்லை. அதை உயர்த்தியே ஆக வேண்டும். அதுவரை, மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் நாய் வாங்குவதைத் தள்ளிப்போடட்டும்.