பறவையாவதுதான் மீட்சியா?

கிரேக்கப் புராணங்களிலே துன்புற்ற பெண்கள் மரமாகவும் பறவையாகவும் உருமாறி விடுதலை பெறுகின்றனர் என்று எழுதுவோர் உளர். இதைவிடப் பொய்யான ஆறுதல் வேறில்லை என்பேன்.

பிலோமெலாவைப் பாருங்கள். ஏதென்ஸ் அரசன் பாண்டியோனின் மகள். தமக்கை புரோக்னியின் கணவன், திரேஸ் நாட்டு மன்னன் தெரேயஸ், அவளை வன்புணர்ந்தான். உண்மையைச் சொல்லிவிடுவாள் என அஞ்சி நாவையும் அறுத்தான். அவளோ தறியில் அமர்ந்தாள். நேர்ந்ததைத் துணியில் நெய்து தமக்கைக்கு அனுப்பினாள். தமக்கை புரிந்துகொண்டாள், நம்பினாள், தேடிவந்து மீட்டாள். மீட்சி என்று ஒன்று இக்கதையில் உண்டெனில் அது இந்த இடத்தில் மட்டுமே.

பின்னர் நிகழ்ந்தது பழிவாங்கல். புரோக்னி தன் மகன் இத்திஸையே கொன்று தெரேயஸுக்கு உணவாக்கினாள். அந்தப் பாலகன் செய்த குற்றம் என்ன? அக்கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் தேவர்கள் செய்ததென்ன? மூவரையும் பறவைகளாக்கினர். கிரேக்கர் சொன்ன கதையில் தமக்கை நைற்றிங்கேல், நாவிழந்தவள் தகைவிலான் குருவி. விளங்காத அந்நிய மொழியைக் கிரேக்கர் தகைவிலானின் கீச்சொலிக்கே ஒப்பிட்டனர். தறியினால் பேசக் கற்றவளை மீண்டும் ஊமையாக்கியதற்குப் பெயர் விடுதலையாம்!

தெரேயஸோ கொண்டலாத்தியானான். கி.மு. 414 இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்ரோபனிஸின் 'பறவைகள்' நாடகத்தில் அவன் விருந்தினரை உபசரிக்கும் நல்ல மனிதன். அவன் அழைக்கப் புரோக்னி வருகிறாள், குழலிசைக்க. பிலோமெலா அந்த மேடைக்கு வரவேயில்லை.