28 எம்எம் பழைய லென்ஸ் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

கல்வராயன் மலைக்கு கேமராவோட போற தம்பிங்க அடிக்கடி கேக்கற கேள்வி: "டாக்டர், பழைய மேனுவல் ஃபோகஸ் வைட் லென்ஸ் சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?"

பெரும்பாலானவங்களுக்கு என் பதில், வேணாம். நைட் டியூட்டி முடிஞ்சு அரைத் தூக்கத்துல, போன்லயே 4,000 ரூபாய் கட்டி ஏமாந்தவன் சொல்றேன்.

28 எம்எம்ங்கிறது ஃபிலிம் காலத்துக் கணக்கு. நம்மள்ல பலர்கிட்ட இருக்கறது ஏபிஎஸ்-சி சென்சார். நிக்கான், சோனின்னா 1.5-ஆல பெருக்குங்க, 42 வரும். மேகம் அருவி முன்னாடி நின்னா தண்ணி மட்டும் ஃப்ரேமுக்குள்ள வரும், சுத்தியிருக்கற பாறை வெளியே போயிடும். உங்க கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ் இதைவிட வைடு. நாம அதைத்தான் மட்டமா நினைக்கிறோம்!

அடுத்து மவுண்ட். எம்42 லென்ஸை கண்ணாடி இல்லாத அடாப்டர்ல நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல மாட்டினா தூரத்து மலை ஃபோகஸே ஆகாது. மிரர்லெஸ்ல இந்தப் பிரச்சினை இல்லை.

இதெல்லாம் தெரிஞ்சே வாங்கறவங்களும் மாட்டற இடம் பூஞ்சை. எனக்கு வந்த லென்ஸ் வெளியே பளபளன்னு இருந்துச்சு. பின்பக்கமா டார்ச் அடிச்சேன், உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை இழையா. படர்தாமரைக்கு களிம்பு எழுதித் தரலாம், இதுக்கு என்ன எழுத? கழட்டித் துடைச்சாலும், அது அரிச்ச கோட்டிங் திரும்ப வராது. அதனால டார்ச் அடிச்ச வீடியோ கேளுங்க. தர மறுத்தா விட்டுடுங்க. அப்பெர்ச்சர் இதழ்ல எண்ணெய் இருக்கான்னும் பாருங்க. வாங்கினா காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. மாத்திரை டப்பாவுல வர்ற குட்டி பாக்கெட் பத்தாது (நானும் முயற்சி பண்ணினேன்).

அப்ப யார் வாங்கலாம்? ஃபுல் ஃப்ரேம் கேமரா இருக்கறவங்க, தாராளமா. 28-ஐ எஃப்8-ல வச்சு, ரிங்கை மூணரை மீட்டர்ல நிறுத்துங்க. ரெண்டு மீட்டர்லேர்ந்து மலை முகடு வரைக்கும் தெளிவா விழும். வெள்ளிமலை ரோட்டுல பனி இறங்கி ஆட்டோஃபோகஸ் முன்னயும் பின்னயும் அலையறப்ப, இது வச்ச இடத்துலயே நிக்கும்.

மத்தவங்க அந்த 4,000-ல பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கிட்டு, கிட் லென்ஸோட நாலு தடவை மலை ஏறிட்டு வாங்க.