குறிப்பு இல்லாத கருவியில் ஏஐ முகவரை இணைக்க மாட்டோம்: எங்கள் நிலைப்பாடு

தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி ஏற்றுமதி, இறக்குமதி மென்பொருள் எழுதுபவர்களும், அதை அன்றாடம் பயன்படுத்தும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, தவறினால் என்ன ஆகும் என்பது எழுத்தில் இல்லையென்றால், அதை எங்கள் உறுப்பினர்கள் எந்த ஏஐ முகவருடனும் இணைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். "மாடல் புத்திசாலி, தானே புரிந்துகொள்ளும்" என்று விற்பவர் சொல்வது எங்களுக்குப் போதாது.

இந்தக் கேள்வி இப்போது எழக் காரணம் உண்டு. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் போடுவது நெடுநாள் பழக்கம். 2022 செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையோடு வந்த யூலிப் தளம், பல துறைகளின் தரவை ஏபிஐ வழியாக எடுக்க வழி செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, இப்படிப்பட்ட கருவிகளை ஏஐ முகவர் நேரடியாக அழைக்க ஒரு பொது முறையைத் தந்தது. "நம்ம பெட்டி எங்கே நிற்குது?" என்ற கேள்விக்கு முகவர் பதில் தேடித் தருவதை நாங்கள் வரவேற்கிறோம். அது தானே படிவத்தை நிரப்பி அனுப்பத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

எடையையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. எங்கள் உறுப்பினர் ஒருவர் வாங்கிய கருவியில் இதற்கான குறிப்பு இரண்டே சொல்: "எடை, எண்." கிலோவா, டன்னா? சரக்கு மட்டுமா, காலிப் பெட்டியும் சேர்த்தா? இருபதடிப் பெட்டியின் காலி எடையே ஏறக்குறைய 2,200 கிலோ. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் என்றால் பக்கத்து மேசையில் "அண்ணாச்சி, இது கிலோவா டன்னா?" என்று கேட்டுவிடுவான். முகவர் யாரிடம் கேட்கும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு சொல்தான். அந்தக் குறிப்பை நாங்கள் இப்படி மாற்றி எழுதினோம்: "காலிப் பெட்டியும் சேர்ந்த மொத்த எடை, கிலோகிராமில். சரக்கின் எடையை மட்டும் தர வேண்டாம். எடைமேடைச் சீட்டோ, விதிப்படி கூட்டிய கணக்கோ கையில் இல்லையென்றால் இந்தக் கருவியை அழைக்காமல் ஊழியரிடம் கேட்கவும்." இதை எழுத ஐந்து நிமிடம் ஆகாது.

ஊர்ப் பெயரிலும் இதே குழப்பம். துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரில் இருக்கிறது. பழைய ஆவணங்களில் அது டூட்டிகோரின். சர்வதேசக் குறியீடு ஐ-என்-டி-யு-டி; சுங்கத்துறையில் அதோடு கடைசியில் ஒரு 1 சேரும். எந்தப் புலத்தில் எது என்று குறிப்பில் இருக்க வேண்டும். தேதியும் அப்படியே: 04/07 என்பது ஜூலை நான்கா, ஏப்ரல் ஏழா? நேரத்தைப் பற்றி இங்கே யாரும் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் சிறிய ஃபீடர் கப்பல் போகிற கொழும்புக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அங்கே சரக்கு மாறி ஏறும் பெரிய கப்பலின் அட்டவணை சிங்கப்பூர் நேரத்தில் வந்தால் இரண்டரை மணி நேரம் எங்கேயோ போய்விடும்.

பிழைச் செய்தி இன்னும் மோசம். "தோல்வி" என்று மட்டும் சொல்லும் கருவி, மறுபடி அனுப்பு என்று முகவரைத் தூண்டுகிறது. முதல் தடவையே பதிவாகி, பதில் மட்டும் வழியில் நின்றிருந்தால்? ஒரே சரக்குக்கு இரண்டு ஷிப்பிங் பில். திரும்ப அழைத்தால் இரட்டிப்பாகுமா, அனுப்பியதைத் திரும்பப் பெற முடியுமா என்று ஒவ்வொரு கருவியிலும் எழுதியிருக்க வேண்டும். "வாசிக்க மட்டும்", "தரவை அழிக்கக்கூடியது" என்று குறிக்க எம்சிபியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அது எழுதுபவர் தரும் குறிப்புதான், உத்தரவாதம் அல்ல. ஆகவே ஆவணத்தை அனுப்பும் எந்தக் கருவிக்கும், கடைசிப் பொத்தானை மனிதரே அழுத்த வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்று எங்களுக்குள்ளேயே சிலர் வாதிட்டார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாடிக்கையாளருக்குத் தரும் தகவல் சரியா என்று உரிய கவனத்தோடு உறுதிசெய்வது 2018ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளின்படி புரோக்கரின் கடமை. முகவர் தவறாகச் சொன்னது என்று அதிகாரியிடம் போய் நிற்க முடியாது. மேலும், மனிதருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என இரண்டு குறிப்பு வைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஒன்றைத் திருத்துவார்கள், மற்றது பழையதாகவே கிடக்கும். இரவுப் பணியில் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் குறிப்பே முகவருக்கும் போதும். புலப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; பிழைச் செய்தி தமிழிலும் வேண்டும்.

மென்பொருள் விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது: குறிப்பையும் கருவியின் பகுதியாகவே கருதி, கருவி மாறும் அன்றே அதையும் மாற்றித் தாருங்கள். ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எங்கள் உறுப்பினர்கள் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பார்கள். உறுப்பினர்கள் தாங்களே எழுதிய கருவிகளுக்கும் விலக்கு இல்லை. எடை, துறைமுகக் குறியீடு, சரக்கு ஒப்படைக்கும் கட்-ஆஃப் நேரம் ஆகிய மூன்றுக்கும் நாங்கள் எழுதிய குறிப்புகளைக் கேட்பவர்க்கெல்லாம் கட்டணமின்றித் தருகிறோம். குறை கண்டால் திருத்தி அனுப்புங்கள்.