லேபர் ரூமுக்கும் ஒரே அட்டை வேண்டும்



போன மாதம் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து சில மணி நேரத்தில் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே நர்ஸ் மிஸ் கேட்ட முதல் கேள்வி, "விட்டமின் கே ஊசி போட்டாச்சா?" கடிதத்தில் இருந்தது "ரொட்டீன் கெயார் கிவ்ன்" மட்டும். ஊசியும் அதற்குள் அடக்கமா? கோல் எடுத்துக் கேட்டுப் பதில் வரும்வரை உம்மா தஸ்பீஹை விடவில்லை.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டா சரி" என்கிறார்கள். அதே வரியைக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் அதே கேள்விதான் வரும். ஊசி போட்டதா இல்லையா, எத்தனை மணிக்கு, 1ஆம், 5ஆம் நிமிட எப்கார் புள்ளி, எடை எத்தனை கிராம்: எந்த வார்டிலும் இதற்கு ஒரே கட்டம், ஒரே சொல் இருக்க வேண்டும். ஓ.எல். பேப்பர் திருத்தும் எங்களுக்கே புள்ளித் திட்டம் ஒன்றுதான். ஆளுக்கொன்று என்றால் பிள்ளைகளின் கதி?

நமக்கு இது புதிதுமல்ல. மிட்வைஃப் மிஸ் தரும் எச் 512 கர்ப்பப் பதிவு அட்டை பொத்துவிலிலும் புத்தளத்திலும் ஒன்றுதானே. கிளினிக்கில் முடிந்தது லேபர் ரூமில் ஏன் முடியாது?

ஆனால் கொப்பியிலும் எழுது, கம்ப்யூட்டரிலும் அடி என்று தாதிமாரை வதைக்காதீர்கள். அன்றிரவு அந்த வார்டில் நின்றதே இரண்டு பேர்.