வாவியின் ஓசையும் ஆய்வின் மௌனமும்

'மீன்பாடும் தேன்நாடு' என்னும் பெயரைப் பெருமையுடன் சூடியிருக்கும் மட்டக்களப்பு, அவ்விசைக்கு உரிய உயிரினம் யாதென்னும் வினாவுக்கு இன்றுவரை ஐயந்திரிபற விடை கண்டதில்லை. 1848ஆம் ஆண்டு இங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் இரவில் தோணியேறிச் சென்று அவ்வோசையைக் கேட்டார். அது ஊரியின் ஓசையென மீனவர் கூறியதைத் தமது நூலிலே எழுதியும் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் நீரினுள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவுசெய்தார். கேட்டவரும் பதிந்தவரும் கடல் கடந்து வந்தோரே. வாவிக்கு உரிய நாடோ அப்பெயரைச் சுற்றுலாப் பலகைகளில் எழுதுவதோடு அமைந்துவிட்டது.

பாடும் மீன் வெறும் வியப்புக்குரிய பொருள்தானே என்று சிலர் கூறக்கூடும். ஆயின் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி பல்லாயிரம் குடும்பங்களின் உலைமூட்டும் வாழ்வாதாரமாகும். மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரம் உடைகின்றது. கோடையில் மணல்மேடு அதனை அடைக்கின்றது. படுவான்கரை வயல்களின் உரமும் நஞ்சும், நகரின் கழிவும் இந்நீரிலேயே வந்து கலக்கின்றன. உவர்ப்பு எவ்வாறு மாறுகின்றது, இறாலும் மீனும் எப்பருவத்தில் பெருகுகின்றன, எவ்வளவு பிடித்தால் இனம் அழியாது என்பனவற்றை அறிய ஆண்டுதோறும் இடையறாத அளவீடு வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிவுறும் வெளிநாட்டுத் திட்டங்கள் இதனைச் செய்யமாட்டா. நிதி தீர்ந்ததும் அளவீடு நிற்கும்; அறிக்கை அலுமாரியில் உறங்கும்.

1981ஆம் ஆண்டு வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நீரியல் வள ஆராய்ச்சிக்கான 'நாரா' நிறுவனமும் அதே 1981இல் சட்டமூலம் அமைக்கப்பட்டது. நிறுவனங்களுக்குக் குறைவில்லை, அவற்றுக்கு ஊட்டப்படும் உணவே குறைவு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னரும் இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. தென்கொரியா 4 வீதத்துக்கு மேல் செலவிடுகின்றது. ஆதலின் வறுமையைக் காட்டித் தப்ப முனைவது பொருந்தாது. கையிற் பொருள் இருந்த காலத்தும் மனம் இருக்கவில்லை என்பதே உண்மை.

இதன் விளைவைக் கடலிலும் காணலாம். நோர்வேயின் 'டொக்டர் பிரிட்ஜொவ் நான்சன்' ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையின் மீன்வளத்தை அளந்தது. அப்பெயர் தாங்கிய கப்பல் மறுபடியும் இக்கடலை அளக்க 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 ஒக்ரோபரில் சீனாவின் 'ஷி யான் 6' கொழும்பில் நங்கூரமிட்டபோதோ, ஆய்வு என்பது வல்லரசுகளின் சச்சரவாயிற்று. முடிவில், 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சொந்த ஆய்வுத்திறன் உள்ள நாடு எதனை ஏற்பது, எதனை மறுப்பது என ஆராய்ந்து தெரியும். அஃதில்லாத நாட்டுக்குக் கதவை முற்றாகத் திறத்தலும் முற்றாக அடைத்தலும் அன்றி வேறு வழியில்லை.

சர்வதேச ஒத்துழைப்பு வேண்டாமென்பது இங்கு வாதமன்று. விஞ்ஞானத்துக்கு எல்லைக்கோடு இல்லை. ஆனால் கூட்டு வாணிபத்திற் கைமுதல் இல்லாதவன் பங்காளியல்லன், கூலியாளே. எதனை ஆராய்வதென்பதை அயலார் தீர்மானிக்க, மாதிரி நீரை மொண்டு கொடுப்பவராக உள்ளூர் ஆய்வாளர் நிற்பது ஒத்துழைப்பாகாது.

வாவியை அளக்கப் பெருங்கப்பல் தேவையில்லை. ஓர் இயந்திரப் படகு, ஓர் ஆய்வுகூடம், நிரந்தர ஊதியம் பெறும் சில ஆய்வாளர், தோணிக்காரரின் அனுபவ அறிவு ஆகியவை போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அத்தகைய நிலையமொன்றை வாவிக்கரையில் நிறுவி, அதற்கெனத் தனி நிதியை வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்குவது அரசின் கடமை. அதன்பின் நோர்வே வரட்டும், சீனம் வரட்டும், இந்தியா வரட்டும்; அவர்களோடு சரிநிகராக அமர்ந்து பேச இந்த மண்ணுக்கு ஓர் ஆசனம் இருக்கும். அதுவரை வாவி பாடிக்கொண்டேயிருக்கும்; அதன் பொருளை அந்நியரிடம் கேட்டறியும் இழிநிலையும் தொடர்ந்துகொண்டேயிருக்கும்.